பாஸ்வேர்டு கேட்பது யார்? ரிமோட் டெஸ்க்டாப், சிட்ரிக்ஸ் சூழலில் சிங்கிள் சைன்-ஆன் பிழை நீக்கும் வழிமுறை

“பாஸ்வேர்டு திரும்பவும் கேட்கிறது.” சிங்கிள் சைன்-ஆன் (ஒரு முறை உள்நுழைந்தால் மறுபடி பாஸ்வேர்டு கேட்காத ஏற்பாடு) மென்பொருளை நிறுவி முடித்த வாரத்தில் வரும் டிக்கெட்டுகளில் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான் இருக்கும். இதை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. நான் முதலில் கேட்பது ஒரு ஸ்கிரீன்ஷாட். வெட்டி எடுத்த துண்டு வேண்டாம், முழுத் திரையும் வேண்டும். கேட்கும் பெட்டி எங்கே, எதன் மேல் நிற்கிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

பயனர் ஒரு ஐகானைச் சொடுக்கியதும் அவருடைய கணினி, கேட்வே (உள்ளே விடும் சர்வர்), செஷன் ஹோஸ்ட் (ஆப் உண்மையில் ஓடும் சர்வர்), அதற்குள் ஓடும் ஆப், அந்த ஆப் போய்ப் பேசும் இணையதளம் என்று நாலைந்து வாசல்களைத் தாண்டுகிறார். ஒரு வாசலில் பாஸ்வேர்டைக் காட்ட வேண்டும், இன்னொன்றில் கெர்பரோஸ் டிக்கெட் (டொமைன் கொடுக்கும் அடையாளச் சீட்டு), வேறொன்றில் சான்றிதழ். கடைசி வாசலில் சிங்கிள் சைன்-ஆன் மென்பொருளின் ஏஜென்ட் உட்கார்ந்து பெட்டியைப் பார்த்து நிரப்பிக் கொடுக்கும். இவற்றில் ஏதோ ஒரு வாசலில் பொருள் கைமாறவில்லை என்பதுதான் பிழை. எந்த வாசல் என்று தெரிந்துகொள்ளாமல் ரிஜிஸ்ட்ரியில் கை வைத்தால், ஒழுங்காகத் திறந்துகொண்டிருந்த வாசலும் அடைபட்டுப் போகும்.

ஆகவே பெட்டியின் முகத்தைப் பாருங்கள். பயனரின் சொந்த டெஸ்க்டாப்பின் மேல் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்ற சின்னப் பெட்டி வந்தால், இணைப்பே இன்னும் தொடங்கவில்லை. ரிமோட் ஜன்னல் திறந்து அதற்குள் முழு லாகான் திரை தெரிந்தால், கேட்பது செஷன் ஹோஸ்ட். பிரவுசர் பக்கமாக வந்தால் அடையாளச் சேவை. ஆப்பின் சொந்தப் பெட்டி என்றால் ஏஜென்ட் வேலை செய்யவில்லை. ஆபீஸ் அல்லது டீம்ஸ் மேல் வெள்ளைப் பெட்டியில் மின்னஞ்சல் முகவரி கேட்டால் அது டோக்கன் (உள்நுழைந்ததற்கான மின்சீட்டு) சமாச்சாரம். கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அதற்கு முன் இரண்டு வார்த்தை. எந்த மாற்றம் செய்தாலும் லாகாஃப் செய்து மறுபடி உள்ளே வந்து சோதியுங்கள். ஜன்னலை மூடினால் அது டிஸ்கனெக்ட் மட்டுமே. பழைய செஷன் பழைய அமைப்புகளோடு அப்படியே காத்திருக்கும், நீங்கள் செய்த திருத்தம் பலிக்கவில்லை என்று தவறாக முடிவு செய்துவிடுவீர்கள். இரண்டாவது, அட்மின் கணக்கில் சோதிக்காதீர்கள். ‘புரொடெக்டட் யூசர்ஸ்’ என்ற கூடுதல் பாதுகாப்புக் குழுவில் இருக்கும் கணக்குக்கு என்.டி.எல்.எம். (கெர்பரோஸுக்கு முந்தைய பழைய உள்நுழைவு முறை) கிடையாது, இயல்பு அடையாளத்தைக் கைமாற்றும் வசதியும் வேலை செய்யாது. சாதாரணப் பயனருக்குச் சரியாக ஓடும் ஒன்று உங்களுக்கு மட்டும் உடைந்து தெரியும். வார்டில், கிளையில், கவுன்டரில் வேலை செய்பவருக்கு இருக்கிற அதே குழுக்கள் உள்ள ஒரு சோதனைக் கணக்கை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இணைவதற்கு முன்பே, சொந்தக் கணினியிலேயே கேட்கிறது

ரிமோட் டெஸ்க்டாப்பில் இந்த வாசலைக் காப்பது கிரெட்-எஸ்.எஸ்.பி. என்ற நெறிமுறை. விண்டோஸில் உள்நுழைந்த அடையாளத்தை அப்படியே செஷன் ஹோஸ்டுக்கு அனுப்ப, குரூப் பாலிசியில் (கணினிகளுக்கு அமைப்புகளை மொத்தமாக அனுப்பும் வசதி) சிஸ்டம் என்பதன் கீழே உள்ள ‘கிரெடென்ஷியல்ஸ் டெலிகேஷன்’ பகுதியில் ‘அலோ டெலிகேட்டிங் டிஃபால்ட் கிரெடென்ஷியல்ஸ்’ என்பதை இயக்க வேண்டும். இங்கே நான் அடிக்கடி பார்க்கும் தவறு மூன்று.

பாலிசியை சர்வர்கள் இருக்கும் ஓ.யூ.வில் (டொமைனில் கணினிகளைப் பிரித்து வைக்கும் பிரிவு) போட்டிருப்பார்கள். அடையாளத்தைக் கொடுப்பது பயனரின் கணினி, அதனால் பாலிசி அங்கேதான் போய்ச் சேர வேண்டும். அடுத்தது, பட்டியலில் சர்வர் பெயரை மட்டும் எழுதியிருப்பார்கள். முன்னால் ‘டெர்ம்எஸ்ஆர்வி’ என்ற சொல்லும் ஒரு சாய்கோடும் இல்லாவிட்டால் அந்த வரி இருந்தும் இல்லாததுதான். மூன்றாவது, பட்டியலில் முழுப் பெயர் இருக்கும், ஐகானுக்குள் குறும்பெயரோ ஐ.பி. எண்ணோ இருக்கும். ஐ.பி. எண்ணுக்கு வழக்கமாக எஸ்.பி.என். (டொமைனில் ஒரு சேவைக்குப் பதிவான பெயர்) இருக்காது. கெர்பரோஸ் டிக்கெட் கிடைக்காமல் விண்டோஸ் என்.டி.எல்.எம்.முக்கு இறங்கிவிடும். அந்த நிலைக்கான பாலிசி தனி. அதையும் திறந்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், நான் செய்ய மாட்டேன். ஐகானில் உள்ள பெயரைத் திருத்துவது ஐந்து நிமிட வேலை.

சரியாக இருக்கிறதா என்று அறிய, பயனரின் கணினியில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ‘கேலிஸ்ட்’ கட்டளை கொடுங்கள். இணைய முயன்ற பிறகு, அந்த சர்வர் பெயரோடு ‘டெர்ம்எஸ்ஆர்வி’ என்று தொடங்கும் டிக்கெட் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பெயர், நேரம், எஸ்.பி.என். என்ற வரிசையில் தேடுங்கள். டொமைன் கன்ட்ரோலருக்கும் (கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வர்) கணினிக்கும் கடிகார வித்தியாசம் 5 நிமிடத்தைத் தாண்டினால், இயல்பு அமைப்பில் கெர்பரோஸ் டிக்கெட்டை ஏற்காது. தனியாக நேரம் வாங்கும் தின் கிளையன்ட்களும், ஹைப்பர்வைசரிடமிருந்து நேரம் வாங்கும் மெய்நிகர் கணினிகளும் இந்த விஷயத்தில் சந்தேகத்துக்கு உரியவை. ஒரே எஸ்.பி.என். இரண்டு கணக்குகளில் பதிவாகியிருந்தாலும் இதே கதைதான். ‘செட்எஸ்பிஎன்’ கட்டளையை ‘எக்ஸ்’ தெரிவோடு ஓட்டினால் இரட்டைப் பதிவுகளைக் காட்டிவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், நேற்றுவரை ஓடியது புதுக் கணினி கொடுத்ததும் நின்றுவிட்டது என்றால் கிரெடென்ஷியல் கார்டு என்ற, அடையாளத் திருட்டைத் தடுக்கும் விண்டோஸ் வசதியைப் பாருங்கள். விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பிலிருந்து, என்டர்பிரைஸ், எஜுகேஷன் வகைகளில், தகுதியான வன்பொருள் இருந்தால் இது தானாகவே இயங்கத் தொடங்குகிறது. இது ஓடும் கணினியில் கிரெட்-எஸ்.எஸ்.பி. வழியாக இயல்பு அடையாளத்தைக் கைமாற்ற முடியாது. பெட்டியிலேயே கிரெடென்ஷியல் கார்டின் பெயரைச் சொல்லி, சேமித்த அடையாளத்தைப் பயன்படுத்த அனுமதி இல்லை என்று ஒரு வரி வரும். அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. ஸ்கிரீன்ஷாட் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது ரிமோட் கிரெடென்ஷியல் கார்டு. விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்தும் சர்வர் 2016-லிருந்தும் உண்டு. பாஸ்வேர்டை அனுப்பாமல், கெர்பரோஸ் கேள்விகளைத் திரும்பப் பயனரின் கணினிக்கே அனுப்பிப் பதில் வாங்கும் நல்ல ஏற்பாடு. ஆனால் நேரடி இணைப்புக்கு மட்டும்தான். கேட்வே வழியாகவோ கனெக்ஷன் புரோக்கர் (பயனரை எந்த சர்வருக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் சேவை) வழியாகவோ வந்தால் ஆதரவு இல்லை. பல சர்வர்கள் சேர்ந்த பண்ணையில் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. அப்போது கிரெடென்ஷியல் கார்டை அணைத்துவிடலாம் என்ற யோசனை வரும். ஒரு முறை பாஸ்வேர்டு தட்டும் சிரமத்துக்காக, திருட்டிலிருந்து காக்கும் பூட்டைக் கழற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சான்றிதழ் வழி உள்நுழைவுக்கு மாறுவதுதான் நிலைத்த தீர்வு. அதுவரை பயனர் ஒரு முறை தட்டட்டும்.

பெட்டி இரண்டு முறை வந்தால் முதலாவது கேட்வேக்கு, இரண்டாவது செஷன் ஹோஸ்டுக்கு. கேட்வே அமைப்புகளில் ‘அதே அடையாளத்தை ரிமோட் கணினிக்கும் பயன்படுத்து’ என்ற தேர்வை இயக்கினால் இரண்டு ஒன்றாகும்.

பெட்டியோடு ‘என்கிரிப்ஷன் ஆரக்கிள் ரெமிடியேஷன்’ என்ற செய்தி வந்தால், இரு முனைகளில் ஒன்றில் 2018-இன் பாதுகாப்புத் திருத்தம் இல்லை. அந்த ஆண்டு மார்ச்சில் திருத்தம் வந்தது, மே மாதம் அது இயல்பாகவே கட்டாயமானது. எப்போதோ எடுத்து வைத்த கோல்டன் இமேஜை (நகலெடுப்பதற்கான மூலப் படிமம்) யாரோ உயிர்ப்பித்திருப்பார்கள். பாலிசியைத் தளர்த்தாமல் அந்த இமேஜைப் புதுப்பியுங்கள்.

ரிமோட் ஜன்னலுக்குள் முழு லாகான் திரை வந்து நிற்கிறது

அடையாளம் செஷன் ஹோஸ்ட் வரை வந்துவிட்டது, அங்கே யாரோ அதை வாங்க மறுக்கிறார்கள். முதல் சந்தேகம், செஷன் ஹோஸ்டில் ‘ஆல்வேஸ் ப்ராம்ப்ட் ஃபார் பாஸ்வேர்டு அபான் கனெக்ஷன்’ பாலிசி இயங்குகிறதா என்பது. பாதுகாப்புத் தணிக்கைக்காகக் கடுமையான அமைப்புத் தொகுப்பு ஒன்றைப் போட்டவுடன் சிங்கிள் சைன்-ஆன் நின்றுபோனால், பெரும்பாலும் காரணம் இதுதான். சிங்கிள் சைன்-ஆன் வேண்டும் என்றால், இந்த ஒரு பாலிசிக்கு விதிவிலக்கு எழுதிக் கையெழுத்து வாங்கித்தான் ஆக வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள வழியில்லை.

இரண்டாவது சந்தேகம் நீங்கள் நிறுவிய மென்பொருளே. பல சிங்கிள் சைன்-ஆன் ஏஜென்ட்கள் தங்களுடைய சொந்த லாகான் டைலை (லாகான் திரையில் அடையாளம் கேட்கும் கட்டம்) கொண்டுவந்து, விண்டோஸின் வழக்கமான பாஸ்வேர்டு டைலை வடிகட்டி மறைக்கும். பயனரின் கணினியில் அது தேவை, அடையாள அட்டையைத் தட்டி உள்ளே வருவது அதனால்தான். செஷன் ஹோஸ்டிலோ, வலை வழியாக வந்த அடையாளத்தை வாங்கும் பொறுப்பு அந்த வழக்கமான டைலிடம் இருக்கிறது. அதை மறைக்கும் வடிகட்டி, வந்த அடையாளத்தைத் தன் டைலுக்கு மாற்றிக் கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் பொருள் கீழே விழுந்துவிடும், பயனர் முன்னால் காலித் திரை நிற்கும். சர்வரில் நிறுவும்போது லாகான் டைல் இல்லாமல், நிரப்பும் பகுதியை மட்டும் நிறுவும் தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான நிறுவிகளில் இருக்கும். சோதிக்க எளிய வழி: ஒரு சர்வரைப் பண்ணையிலிருந்து விலக்கி, ஏஜென்ட்டை நீக்கி, பாஸ்வேர்டு தானாகப் போகிறதா என்று பார்ப்பது.

சிட்ரிக்ஸில் ஸ்டோர் பக்கமே பாஸ்வேர்டு கேட்கிறது

டொமைன் பாஸ்-த்ரூவில் (விண்டோஸில் தட்டிய பாஸ்வேர்டையே சிட்ரிக்ஸுக்கும் கடத்தும் முறை) பாஸ்வேர்டைப் பிடித்து வைப்பது ஒரு சின்ன ப்ராசஸ். பயனரின் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘எஸ்எஸ்ஓஎன்எஸ்விஆர்’ ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடவில்லை என்றால், வொர்க்ஸ்பேஸ் ஆப்பை (பயனர் கணினியில் இருக்கும் சிட்ரிக்ஸ் மென்பொருள்) சிங்கிள் சைன்-ஆன் தெரிவு இல்லாமல் நிறுவியிருக்கிறீர்கள், அல்லது நிறுவிய பிறகு கணினியை மறுதொடக்கம் செய்யவில்லை. பாஸ்வேர்டு தட்டப்படும் அந்த ஒரு கணத்தில் மட்டும்தான் அதைப் பிடிக்க முடியும். அந்தக் கணம் கடந்துவிட்டால் அடுத்த லாகான் வரை காத்திருக்க வேண்டும். கைரேகை, பின் எண் என்று வேறு வழியில் உள்ளே வந்தவரிடம் பிடிக்க பாஸ்வேர்டே கிடையாது. விண்டோஸ் ஹலோ வசதியை இயக்கிய வாரத்தில் இந்தப் புகார் குவிவது அதனால்தான்.

ப்ராசஸ் ஓடியும் கேட்டால், ‘எம்.பி.ஆர். நோட்டிஃபிகேஷன்ஸ்’ பாலிசியைப் பாருங்கள். லாகானின்போது நெட்வொர்க் ப்ரொவைடர்களுக்குத் தகவல் சொல்லும் வழி அது. விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாஃப்ட்டின் பாதுகாப்பு அமைப்புத் தொகுப்பு அதை அணைத்து வைக்கிறது. அப்புறம் இரண்டு சின்ன விஷயங்கள்: ஸ்டோர் முகவரி லோக்கல் இன்ட்ராநெட் மண்டலத்தில் இருக்க வேண்டும். டெலிவரி கன்ட்ரோலரில் (பயனருக்கு ஆப்பை ஒதுக்கும் சிட்ரிக்ஸ் சர்வர்), எக்ஸ்.எம்.எல். போர்ட்டுக்கு வரும் வேண்டுகோள்களை நம்பும் அமைப்பை ‘ட்ரூ’ ஆக்க வேண்டும். வொர்க்ஸ்பேஸ் ஆப்பிலேயே இருக்கும் கான்ஃபிகரேஷன் செக்கரை ஓட்டினால், பயனர் முனைக் குறைகளில் பலவற்றை அதுவே சொல்லிவிடும்.

சான்றிதழ் வழி உள்நுழைவு: ஐகான் திறக்கிறது, பெயரோ பாஸ்வேர்டோ தவறு என்று வருகிறது

பயனர் பாஸ்வேர்டே தட்டவில்லை, பாஸ்வேர்டு தவறு என்று செய்தி வந்தால் குழப்பமாகத்தான் இருக்கும். சாம்ல் (இணையப் பக்கம் வழியாக அடையாளத்தை உறுதிசெய்யும் முறை) வழியாக உள்ளே வந்தவருக்கு சிட்ரிக்ஸின் ஃபெடரேட்டட் ஆதென்டிகேஷன் சர்வீஸும், சிட்ரிக்ஸ் போன்ற இன்னொரு மென்பொருளான ஹொரைசனின் ட்ரூ எஸ்.எஸ்.ஓ.வும் ஒரு தற்காலிகச் சான்றிதழை வாங்கி, மெய்நிகர் ஸ்மார்ட் கார்டு போலக் காட்டி உள்நுழைக்கின்றன. அந்தச் சான்றிதழ் ஏற்கப்படாவிட்டால் விண்டோஸ் தன் வழக்கமான வாக்கியத்தையே சொல்லும். அந்த வாக்கியத்தை நம்பிப் பயனரின் பாஸ்வேர்டை ரீசெட் செய்யாதீர்கள்.

சரிபார்க்க வேண்டியவை, நான் பார்க்கும் வரிசையில்: டொமைன் கன்ட்ரோலர்களிடம் செல்லுபடியாகும் கெர்பரோஸ் சான்றிதழ் இருக்கிறதா? எல்லாவற்றிலும் இருக்கிறதா? ஒன்றில் மட்டும் காலாவதியானால் பிழை வரும், போகும், வரும். சான்றிதழ் ரத்துப் பட்டியலின் முகவரி செஷன் ஹோஸ்டிலிருந்தும் டொமைன் கன்ட்ரோலரிலிருந்தும் எட்டுகிறதா? சிட்ரிக்ஸில் இன்னொன்று உண்டு. ஃபெடரேட்டட் ஆதென்டிகேஷன் சர்வீஸ் சர்வர்களின் பட்டியல் குரூப் பாலிசி வழியாக ஸ்டோர்ஃப்ரண்டுக்கும் (ஸ்டோர் பக்கத்தைக் காட்டும் சர்வர்) செஷன் ஹோஸ்டுக்கும் ஒரே வரிசையில் போக வேண்டும். ஸ்டோர்ஃப்ரண்ட் அனுப்புவது வரிசை எண்ணை மட்டுமே. புது சர்வரைப் பட்டியலின் நடுவில் செருகினால், அந்த எண் ஒரு சர்வரைக் காட்ட, செஷன் ஹோஸ்ட் வேறொன்றின் கதவைத் தட்டும். எப்போதும் கடைசியில் சேருங்கள்.

எல்லாம் சரி, ஆனால் டொமைன் கன்ட்ரோலரின் சிஸ்டம் லாகில் நிகழ்வு 39 இருக்கிறது என்றால், சான்றிதழையும் கணக்கையும் உறுதியாக இணைக்கும் விவரம் அதில் இல்லை. 2022 மே மாதத் திருத்தம் இதை எச்சரிக்கையாகத் தொடங்கியது, 2025 பிப்ரவரியில் மறுப்பாக மாறியது. சான்றிதழில் பயனரின் எஸ்.ஐ.டி. (கணக்கின் தனி எண்) அடங்கிய நீட்சி இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். அதன் எண் 1.3.6.1.4.1.311.25.2.

ஆப் திறக்கிறது, ஏஜென்ட் நிரப்பவில்லை

இதில்தான் எனக்கு அதிக நாட்கள் போயின, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு மருத்துவமனையில் நிறுவும் வேலை. வார்டு மேஜையில் செவிலியர் அட்டையைத் தட்டினால் கணினி திறக்கும், நோயாளிப் பதிவு ஆப் சிட்ரிக்ஸ் வழியாக வரும், அதன் பாஸ்வேர்டைப் பெட்டியில் ஏஜென்ட் நிரப்ப வேண்டும். எங்கள் சோதனையில் எல்லாம் நடந்தது. முதல் நாள் காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நான் மேஜை அருகே நின்றேன். அவர் அட்டையைத் தட்டினார், ஆப் வந்தது, பாஸ்வேர்டுப் பெட்டியில் கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது. அவர் பத்து விநாடி காத்திருந்தார், பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துப் பார்த்துத் தட்டினார். அந்தக் காகிதத்தை ஒழிப்பதற்காகத்தான் அங்கே போயிருந்தோம்.

சோதனையில் நாங்கள் திறந்தது முழு டெஸ்க்டாப். வார்டில் திறந்தது தனி ஆப். செஷன் ஹோஸ்டில் அவருடைய செஷனின் ப்ராசஸ் பட்டியலைத் திறந்தேன்: ‘டபிள்யூஎஃப்ஷெல்’ (செஷனை நடத்தும் சிட்ரிக்ஸ் ப்ராசஸ்) இருந்தது, ஆப் இருந்தது, எக்ஸ்புளோரர் இல்லை. ஏஜென்ட்டும் இல்லை. ஸ்டார்ட்-அப்பில் உள்ளவற்றை எழுப்பிவிடுவது எக்ஸ்புளோரர். தனி ஆப் செஷனில் அது ஓடாததால், ரிஜிஸ்ட்ரியின் ‘ரன்’ கீயில் எழுதியிருந்த ஏஜென்ட்டை எழுப்ப ஆள் இல்லை.

இதற்குத் தீர்வு, தனி ஆப்பை நேரடியாகப் பதிப்பிக்காமல், ஏஜென்ட்டை முதலில் தொடங்கி அது தயாரானதும் ஆப்பைத் திறக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்டைப் பதிப்பிப்பது. அல்லது லாகான் ஸ்கிரிப்டில் ஏஜென்ட்டைத் தொடங்குவது. சில மென்பொருள்கள் இதற்கென்றே ஒரு துவக்கி நிரலைத் தருகின்றன. இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், ஏஜென்ட் தயாராகும் நேரத்தை அது சரியாகக் கணக்கிடும்.

ஏஜென்ட் ஓடுகிறது, ஆனாலும் நிரப்பவில்லை என்றால், எங்கே ஓடுகிறது என்று கேளுங்கள். பயனரின் கணினியில் மட்டும் இருக்கும் ஏஜென்ட்டால், சர்வரில் ஓடும் ஆப்பின் பெட்டியைப் பார்க்கவே முடியாது. ஜன்னலின் தலைப்பு வேண்டுமானால் தெரியும். உள்ளே இருப்பது அதற்கு வெறும் படம். பெயர்க் கட்டம், பாஸ்வேர்டுக் கட்டம் என்று எதுவும் இல்லை. ஆப் ஓடும் இடத்திலேயே ஏஜென்ட்டும் ஓட வேண்டும். பயனர் கணினியில் உள்ள ஏஜென்ட், யார் உள்ளே வந்திருக்கிறார் என்ற தகவலை மெய்நிகர் சேனல் (ரிமோட் இணைப்புக்குள் தகவல் கடத்தும் தனி வழி) வழியாக சர்வர் ஏஜென்ட்டுக்குச் சொல்லும். பாதுகாப்புக்காக மெய்நிகர் சேனல்களுக்கு அனுமதிப் பட்டியல் போட்டிருந்தால், உங்கள் மென்பொருளின் சேனல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டு ஏஜென்ட்டும் ஓடும், ஒன்றுக்கொன்று பேசாது.

அடுத்து, ஆப் உயர்த்தப்பட்ட உரிமையோடு ஓடுகிறதா? சாதாரண உரிமையில் ஓடும் ஏஜென்ட், அட்மின் உரிமையில் ஓடும் ஜன்னலுக்குள் எழுத்து அனுப்ப விண்டோஸ் விடாது. ஜாவா ஆப் என்றால், ஏஜென்ட்டின் ஜாவா இணைப்பு அந்த ஆப் உண்மையில் பயன்படுத்தும் ஜாவா கோப்புறையில் இருக்க வேண்டும். ஒரே சர்வரில் மூன்று ஜாவா பதிப்புகள் இருப்பதும், இணைப்பு வேறொன்றில் போய் உட்கார்ந்திருப்பதும் சாதாரணம். ஆப்பின் புதுப் பதிப்பில் ஜன்னல் தலைப்பு ஓர் எழுத்து மாறினாலும், நீங்கள் கற்றுக்கொடுத்த வார்ப்பு (எந்த ஜன்னலில் எந்தக் கட்டத்தை நிரப்புவது என்று ஏஜென்ட்டுக்குச் சொல்லும் குறிப்பு) பொருந்தாமல் போகும். தலைப்பில் பதிப்பு எண் இருந்தால், அந்த இடத்தில் எதுவும் வரலாம் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

ஒருவருக்கு நிரப்புகிறது, அதே சர்வரில் இன்னொருவருக்கு இல்லை என்றால், ஏஜென்ட்டை நிறுவிய விதத்தைப் பாருங்கள். பல பயனர் சர்வரில் ‘சேஞ்ச் யூசர்’ கட்டளையால் நிறுவும் நிலைக்கு மாற்றி, நிறுவி, பிறகு இயக்க நிலைக்குத் திரும்ப வேண்டும். அதைச் செய்யாவிட்டால் சில அமைப்புகள் நிறுவியவரின் ப்ரொஃபைலில் மட்டும் தங்கிவிடும்.

ஆப்பை மூடிவிட்டார், செஷன் மட்டும் முடியவில்லை

மேலே சொன்ன தீர்வின் பின்விளைவு இது. சிட்ரிக்ஸ் தனி ஆப் செஷனில், கடைசி ஆப் மூடியதும் செஷன் முடிய வேண்டும். நீங்கள் எழுப்பிவிட்ட ஏஜென்ட் இன்னும் ஓடுவதால், அதையும் ஓர் ஆப்பாக எண்ணிச் செஷன் காத்திருக்கும். உரிமம் வீணாகும், ப்ரொஃபைல் பூட்டியே கிடக்கும், மாலைக்குள் சர்வர் நிறைந்துவிடும். ரிஜிஸ்ட்ரியில் சிட்ரிக்ஸின் ‘டபிள்யூஎஃப்ஷெல்’ கீயின் உள்ளே ‘டிடபிள்யூஐ’ என்ற இடத்தில் ‘லாகாஃப் செக் சிஸ் மாட்யூல்ஸ்’ என்ற மதிப்பு உண்டு. அதில் ஏஜென்ட்டின் எல்லா ப்ராசஸ் பெயர்களையும் காற்புள்ளி இட்டு எழுதுங்கள். எல்லா என்பதை அழுத்திச் சொல்கிறேன். முக்கிய ப்ராசஸை எழுதிவிட்டு அதன் துணை ப்ராசஸை விட்டுவிட்டால் பலன் இல்லை.

உள்ளே வந்த பிறகு இன்ட்ராநெட் தளமோ ஆபீஸோ கேட்கிறது

இன்ட்ராநெட் தளம் என்றால், செஷனுக்குள்ளேயே ‘கேலிஸ்ட்’ ஓட்டுங்கள். தளத்துக்கான டிக்கெட் இல்லையென்றால், விண்டோஸ் சர்வரில் இயல்பாக வரும், இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் மேம்பட்ட பாதுகாப்பு அமைப்பு இன்ட்ராநெட் மண்டலத்தைத் தானாகக் கண்டுபிடிக்க விடாமல் வைத்திருக்கலாம். பாலிசியில் தள முகவரியைக் கையாலேயே சேருங்கள். எட்ஜுக்கு ‘ஆத் சர்வர் அலோலிஸ்ட்’ பாலிசியும் உண்டு. தள முகவரி ஒரு சி-நேம் (வேறொரு பெயரைச் சுட்டும் மாற்றுப் பெயர்) என்றால், எட்ஜும் குரோமும் அதன் பின்னால் உள்ள உண்மைப் பெயருக்கே டிக்கெட் கேட்கும். எஸ்.பி.என். அந்தப் பெயரிலும் இருக்க வேண்டும்.

பல குழுக்களில் இருக்கும் ஒரு சிலருக்கு மட்டும் 400 பிழை வந்தால், டிக்கெட் பெருத்துவிட்டது. விண்டோஸ் 8, சர்வர் 2012 முதல் டோக்கன் அளவின் இயல்பு வரம்பு 48,000 பைட். ஆனால் இணைய சர்வர் ஒரு ஹெடருக்கு இயல்பாக அனுமதிப்பது சுமார் 16 கிலோபைட். டிக்கெட் எழுத்து வடிவமாக மாறும்போது மூன்றில் ஒரு பங்கு மேலும் பெருகும்.

ஆபீஸ் என்றால், பயனரின் செஷனுக்குள், பயனராகவே, ‘டிஎஸ்ரெக்சிஎம்டி’ கட்டளையை ‘ஸ்டேட்டஸ்’ தெரிவோடு ஓட்டுங்கள். அட்மினாக ஓட்டினால் உங்களுடைய நிலையைத்தான் காட்டும். ‘அஷூர் ஏ.டி. பி.ஆர்.டி.’ என்ற வரியில் ‘நோ’ என்றிருந்தால், விண்டோஸ் தன் முதன்மை டோக்கனைப் பெறவில்லை. சான்றிதழ் வழி வந்தவருக்கு அது கிடைக்க வேண்டுமானால், என்ட்ரா (மைக்ரோசாஃப்ட்டின் மேகக்கணி அடையாளச் சேவை) பக்கத்திலும் சான்றிதழ் உள்நுழைவு ஏற்கப்பட்டிருக்க வேண்டும்.

தினமும் அழிந்து புதிதாகப் பிறக்கும் மெய்நிகர் கணினி என்றால், இமேஜையே என்ட்ராவில் சேர்த்துவிட்டு நகலெடுத்தீர்களா என்று பாருங்கள். சேர்த்திருந்தால் எல்லா நகலும் ஒரே அடையாளத்தோடு எழும். முத்திரை வைப்பதற்கு (இமேஜை நகலெடுக்கத் தயாராக மூடுவதற்கு) முன் ‘லீவ்’ தெரிவோடு அதே கட்டளையை ஓட்டி விலக்கிவிட வேண்டும். சிங்கிள் சைன்-ஆன் ஏஜென்ட்டின் தனி எண்ணும் அப்படித்தான், முத்திரைக்கு முன் நீக்குங்கள். எஃப்.எஸ்.லாஜிக்ஸ் (பயனரின் ப்ரொஃபைலை எந்த சர்வருக்கும் கூட்டிச் செல்லும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2210 பதிப்பிலிருந்து அடையாள டோக்கன்கள் ப்ரொஃபைலோடு பயணிப்பது இயல்பாக நிறுத்தப்பட்டது. புதுப்பித்த மறுநாள் எல்லோருக்கும் ஆபீஸ் கேட்கத் தொடங்கினால் காரணம் இதுதான். ‘ரோம் ஐடென்டிட்டி’ மதிப்பால் பழைய நடத்தையைத் திருப்பலாம், ஆனால் கணினிகளை என்ட்ராவில் முறையாகச் சேர்ப்பதே நல்லது.

அஷூர் மெய்நிகர் டெஸ்க்டாப்பில் என்ட்ரா வழி சிங்கிள் சைன்-ஆன் இயக்கினால், செஷன் பூட்டப்படும்போது லாகான் திரைக்குப் பதிலாக இணைப்பு துண்டிக்கப்படும். அது பிழை அல்ல, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பயனர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

பாஸ்வேர்டு மாற்றிய மறுநாள் கணக்கு பூட்டிக்கொள்கிறது

பி.டி.சி. எமுலேட்டரின் (கணக்குப் பூட்டுகள் பதிவாகும் டொமைன் கன்ட்ரோலர்) செக்யூரிட்டி லாகில் நிகழ்வு 4740-ஐத் தேடுங்கள். பழைய பாஸ்வேர்டை அனுப்பும் கணினியின் பெயர் அதில் இருக்கும். அது ஒரு செஷன் ஹோஸ்ட் என்றால், அங்கே செஷன்களைப் பட்டியலிடும் ‘க்யூயூசர்’ கட்டளையை ஓட்டிப் பாருங்கள். பயனர் மூன்று நாளுக்கு முன் ஜன்னலை மூடிவிட்டுப் போன செஷன், டிஸ்கனெக்ட் நிலையில் பழைய பாஸ்வேர்டோடு உயிரோடு இருக்கும். அதை லாகாஃப் செய்தால் பூட்டு நிற்கும். செஷன் எதுவும் இல்லையென்றால், ஏஜென்ட்டின் பெட்டகத்தில் பழைய பாஸ்வேர்டு இருக்கிறது. பயனர் பாஸ்வேர்டை வேறெங்கோ, இணையப் பக்கத்திலோ ஹெல்ப்டெஸ்க் வழியாகவோ மாற்றியிருப்பார், ஏஜென்ட்டுக்குத் தெரிந்திருக்காது. தெரியாமல் மறுபடி மறுபடி நிரப்பும். வார்ப்பில் ‘தோல்வி என்றால் ஒரு முறைக்கு மேல் நிரப்பாதே, புதிய பாஸ்வேர்டைக் கேள்’ என்ற அமைப்பை எல்லா ஆப்புக்கும் போடுங்கள். டிஸ்கனெக்ட் ஆன செஷனுக்கு நேர வரம்பும் வையுங்கள். நான் வார்டுகளுக்கு வைப்பது ஒரு ஷிஃப்ட் நேரம்.